தோளா, இடுப்பா? பெரிய சுமைக்கு எந்தப் பை

9 நவம்பர் 2024, மாலை (எண்ணூர்த் தம்பி கேட்டது)

அக்கா வீட்டுக்காரர் அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கிறார். லைசென்ஸ் எடுத்து எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். போன மாதம் ஊருக்கு வந்தபோது தன் பழைய வேட்டைப் பையை எனக்குக் கொடுத்துவிட்டார். பின்னால் அலுமினியச் சட்டம், இடுப்பில் கட்டத் தலையணை மாதிரி ஒரு பெல்ட். நான் கழிமுகத்தில் தூண்டில் போடுகிறவன். ஐஸ் பெட்டி, தூண்டில், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 20, 22 கிலோ ஆகிவிடும். என் கருத்து என்னவென்றால் இந்த இடுப்பு பெல்ட் வீண் சுமை. தோள் ஸ்ட்ராப் அகலமாக, உள்ளே ஸ்பாஞ்ச் கனமாக இருந்தால் போதும். இதை விற்றுவிட்டு ஒரு நல்ல 80 லிட்டர் பை வாங்கலாம் என்று இருக்கிறேன். எது வாங்கலாம், சொல்லுங்கள் அண்ணே.

9 நவம்பர், இரவு 11.15

விற்காதே தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்த காலம். அம்மா குடம் தூக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நிறைந்த குடம் 15 லிட்டர் என்றால் 15 கிலோ. அதை யாராவது தோளில் வைத்துப் பார்த்திருக்கிறாயா? இடுப்பெலும்பின் மேட்டில் உட்கார வைத்து, ஒரு கையால் அணைத்து, இன்னொரு கையில் வாளியையும் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவார். சுமப்பது இடுப்பு. கை குடத்தைச் சாயாமல் பிடிப்பதோடு சரி.

பைக்கும் அதே கணக்குதான். பெல்ட் இடுப்பெலும்பில் உட்கார்ந்து சுமக்க வேண்டும், தோள் ஸ்ட்ராப் பையை முதுகோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். எடையில் 80 சதவீதம் இடுப்புக்குப் போய்விடும். நீ வீண் என்று சொல்வதுதான் அந்தப் பையிலேயே விலை உயர்ந்த பாகம்.

10 நவம்பர், காலை 6.30

ராத்திரி தூக்கம் வரவில்லை. "ஸ்பாஞ்ச் கனமாக இருந்தால் போதும்" என்று நீ எழுதியதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. ஏனென்றால் 2018இல் நான் இதே வார்த்தையைச் சொல்லித்தான் பை வாங்கினேன்.

நாகலாபுரம் மலைக்கு ஒன்பது பேர் போனோம். சமையல் பாத்திரம், அரிசி, அடுப்பு எல்லாம் என் பையில். 22 கிலோ. பையில் சட்டம் கிடையாது, வெறும் துணி. இடுப்பில் ஒரு அங்குல நாடா மட்டும். கடையில் கேட்டதற்கு "இதுவே தாராளம் சார், ஸ்ட்ராப் பாருங்க, மெத்தை மாதிரி" என்றார்கள். நானும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். இரண்டு நாள் ஓடைக்குள்ளும் பாறை மேலும் அதைச் சுமந்தேன். தோள் வலித்தது, வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது சட்டை பட்டன் போட முடியவில்லை. வலது கை விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. வலியே இல்லை, மரத்துப் போயிருந்தது. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் சோறு சூடா ஆறிவிட்டதா என்றுகூடத் தெரியவில்லை. பக்கவாதமோ என்று அம்மா அழுதுவிட்டார். மருத்துவர் தோளை இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்து, "பெரிய பை ஏதாவது சுமந்தீர்களா?" என்று கேட்டார். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கூட்டம் தோள் ஸ்ட்ராப்பின் அழுத்தத்தில் நசுங்கியிருக்கிறதாம். ராணுவத்தில் முதுகுப் பை சுமப்பவர்களுக்கு வருகிற பாதிப்பு இது, இதற்குத் தனிப் பெயரே உண்டு. முழுசாகச் சரியாக இரண்டரை மாதம் ஆயிற்று.

ஸ்பாஞ்ச் கனமாக இருந்ததால் வலி தெரியவில்லை, அவ்வளவுதான். எடை எங்கும் போகவில்லை. அதே தோளில்தான் இரண்டு நாளும் கிடந்தது. அதனால்தான் சொல்கிறேன், விற்காதே.

10 நவம்பர், பகல் 1.00

கொருக்குப்பேட்டை நண்பர் ஒருவர், "வேட்டைப் பையை இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்வது, போலீஸ் பிடிக்காதா?" என்று கேட்டிருக்கிறார். நம் நாட்டில் வேட்டைக்குத் தடை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அது. பைக்குத் தடை இல்லை. கொலராடோவில் அரசு லைசென்ஸ் கொடுத்து, இத்தனை நாள், இன்ன மிருகம் என்று கணக்கு வைத்து நடத்துகிற விஷயம் அது. அந்த ஊர்ச் சட்டம் அந்த ஊருக்கு.

ஆனால் அந்தப் பை ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்கும் நல்லது. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை நீக்கிய பிறகும் 80, 100 கிலோ கறி தேறும். சாலை பல மைல் தள்ளி இருக்கும். வண்டி போகாது. மூன்று நான்கு நடையாக முதுகில்தான் கொண்டுவர வேண்டும். அதனால் அந்தப் பைகளில் துணிப் பையை அலுமினியச் சட்டத்திலிருந்து பிரித்து நகர்த்த முடியும். சட்டத்துக்கும் பைக்கும் நடுவே ஒரு இடைவெளி வரும், கறி மூட்டை அங்கே உட்காரும். மேலே நாடாவால் இறுக்கிவிடலாம். கனமான பொருள் முதுகை ஒட்டி நிற்கும், உடைகளும் சாமானும் வெளிப்பக்கம் போய்விடும்.

தம்பி, உன் ஐஸ் பெட்டி அந்த இடைவெளியில் நிற்குமா என்று பார். நின்றால் உனக்கு வேறு பை தேவையே இல்லை.

இந்த அலுமினியச் சட்டம், இடுப்பு பெல்ட் இரண்டையும் சேர்த்து ஊரறியச் செய்தவர் டிக் கெல்ட்டி என்கிற அமெரிக்கர். 1952இல் கலிபோர்னியாவில் தொடங்கினார். அதற்கு முன்பு அங்கே பெரும்பாலும் மரச்சட்டம்தான், எடையில் பெரும்பகுதி தோளில்.

11 நவம்பர்

முதுகு அளவு எப்படி எடுப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். உயரம் வேறு, முதுகு நீளம் வேறு. என் உயரம் ஐந்தரை அடி, என் கூடப்பிறந்த தம்பி ஐந்தேமுக்கால். இரண்டு பேருக்கும் முதுகு நீளம் ஒன்றுதான், 46 செ.மீ. அவனுக்குக் கால்தான் நீளம்.

தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் மேல் புள்ளி. அப்புறம் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, கட்டை விரல் பின்பக்கம் வருகிற மாதிரி, இடுப்பெலும்பின் மேட்டைத் தேடுங்கள். இரண்டு கட்டை விரலையும் இணைத்தால் முதுகுத்தண்டில் ஒரு இடம் வரும். அது கீழ்ப் புள்ளி. நடுவில் உள்ள தூரத்தைத் தையல்காரர் டேப்பால் இன்னொருவர் அளக்க வேண்டும். தானே அளந்தால் தப்பாக வரும், நான் மூன்று தடவை அளந்து மூன்று அளவு பார்த்தவன்.

நாகலாபுரத்துக்குப் பிறகு பதற்றத்தில் வாங்கிய இரண்டாவது பையில் நல்ல பெல்ட், நல்ல சட்டம் எல்லாம் இருந்தது. ஆனால் 52 செ.மீ. முதுகுக்குச் செய்த பை. பெல்ட்டை இடுப்பெலும்பில் கட்டினால் ஸ்ட்ராப் என் தோளைத் தொடாமல் மேலே வளைந்து நிற்கும். ஸ்ட்ராப்பை இறக்கி இறுக்கினால் பெல்ட் நழுவிப் பின்பக்கத்துக்கு இறங்கிவிடும், ஒவ்வொரு அடிக்கும் தொடையை இடிக்கும். விலை உயர்ந்த பை, ஒரு மாதம்கூட உழைக்கவில்லை. முதுகு நீளத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும் வசதி உள்ள பையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

நம் ஊர் வெயிலுக்கு முதுகில் வலை வைத்த பை வாங்குங்கள். காற்று ஓடும்.

14 நவம்பர்

சும்மா ஒரு வரி. ஐஸ் பெட்டி நிற்கிறதாம்! தம்பி படம் போட்டிருக்கிறான். ஆனால் பெட்டியைக் குறுக்காக வைத்திருக்கிறாய், அகலப் பக்கம் முதுகை ஒட்டட்டும். ஐஸ் உருகி முதுகில் ஒழுகாமல் உள்ளே கனமான பிளாஸ்டிக் கவர் போடு. காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

17 நவம்பர்

திருத்தம். 80 சதவீதம் இடுப்புக்குப் போய்விடும் என்று முதல் நாள் எழுதினேன். அது எல்லாப் பைக்கும் பொருந்தாது. எடை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்க ஒரு பாதை வேண்டும். விறைப்பான சட்டமோ அலுமினியக் கம்பியோதான் அந்தப் பாதை. அது இல்லாத பையில் எவ்வளவு பெரிய பெல்ட் வைத்தாலும் துணி மடிந்து நடுவில் தொங்கும், எடை மறுபடி தோளுக்கே வரும். கடையில் சோதிக்க எளிய வழி: பையை நிமிர்த்தி நிறுத்தி, மேல் விளிம்பில் இரண்டு கையாலும் கீழ்நோக்கி அழுத்துங்கள். முதுகுப் பகுதி சுருங்கி மடிந்தால் 8, 10 கிலோவுக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

வேறு ஒருவர், மேலே இருக்கும் சின்ன நாடா எதற்கு என்று கேட்டார். தோள் ஸ்ட்ராப்பிலிருந்து சட்டத்தின் உச்சிக்குப் போகுமே, அது. லோட் லிஃப்டர் என்பார்கள். பை பின்னால் சாயாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. பக்கவாட்டில் பார்த்தால் அது தோளிலிருந்து சாய்வாக மேல்நோக்கி ஏற வேண்டும், கிட்டத்தட்ட 45 டிகிரி. தட்டையாகக் கிடந்தால் சட்டம் உங்களுக்குக் குட்டை.

கட்டுகிற வரிசையும் முக்கியம். எல்லா நாடாவையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். தோளைக் கொஞ்சம் தூக்கி, பெல்ட்டை இடுப்பெலும்பின் மேட்டில் வைத்து இறுக்குங்கள். அப்போது தோளில் ஒன்றும் இருக்கக்கூடாது. பிறகு ஸ்ட்ராப், அப்புறம் லோட் லிஃப்டர், கடைசியாக மார்பு நாடா. பலபேர் ஸ்ட்ராப்பை முதலில் இறுக்கிவிட்டு பெல்ட்டை ஒப்புக்குப் போடுகிறார்கள். பெல்ட் வேலைக்கே வருவதில்லை.

20 நவம்பர்

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும் என்று இந்த இழை தொடங்கிய நாளிலிருந்தே தோன்றிக்கொண்டிருந்தது.

அப்பா கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கியவர். 1996இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது அவரும் கொஞ்ச நாள் போனார், பிறகு இந்தப் பக்கமே ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் 100 கிலோ சாக்கு சாதாரணம். ஒரு ஆள் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரை செய்துவிட்டது. சாவடியில் அதை யார் படித்தார்கள்? இன்றைக்கும் ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ.

அவருடைய கழுத்தின் பின்பக்கம், முதுகு தொடங்கும் இடத்தில், கைப்பிடி அளவுக்கு ஒரு மேடு இருக்கிறது. தோல் தடித்துக் கறுத்து, தொட்டால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் நான் தூங்குவேன். எல்லா அப்பாக்களுக்கும் அப்படி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவர் சும்மாடு கட்டுவதைப் பார்க்க வேண்டும். துண்டை நீளமாக மடித்து, முறுக்கி, வளையமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகுவார். நான்கு விநாடி ஆகாது. தலையில் சுமை என்றால் வளையம். முதுகில் சாக்கு என்றால் வளையம் இல்லை, துண்டை நான்காக மடித்துக் கழுத்தடியில் போடுவார். "துணி மெத்துனு இருக்கணும்னு இல்லடா, மூட்ட நவுராம இருக்கணும், அதுக்குத்தான்" என்பார். ஸ்பாஞ்ச் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். நல்ல பையின் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருக்காது. விறைப்பாக இருக்கும். மெத்தென்று இருக்கிற ஸ்பாஞ்ச் 20 கிலோவில் பத்து நிமிடத்தில் தட்டையாகி, உள்ளே இருக்கும் நாடா எலும்பில் உறைக்கும்.

தூக்கிவிட ஆள் இல்லாமல் மூட்டை எடுக்க மாட்டார். "நடக்கும்போது இடுப்பு போவாது, எடுக்கும்போதுதான் போவும்." பைக்கும் இது பொருந்தும். தரையில் கிடக்கும் 20 கிலோ பையை ஒரு கையால் வீசித் தோளில் மாட்டாதீர்கள். முதலில் தொடைக்கு ஏற்றுங்கள், ஒரு கையை ஸ்ட்ராப்பில் நுழைத்து அப்படியே திரும்புங்கள். திண்ணையோ பெஞ்சோ இருந்தால் அதன் மேல் வைத்து, உட்கார்ந்து மாட்டிக்கொண்டு எழுந்திருங்கள். அந்தக் காலத்தில் வழிநெடுக சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தது இதற்குத்தான். இறக்கவும் ஏற்றவும் ஆள் தேவையில்லாத உயரம் அது.

1 டிசம்பர்

இரண்டு நாளாக மழை. கரண்ட் இப்போதுதான் வந்தது.

ஒரு முக்கியமான விஷயத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். போன வருடம் டிசம்பரில், மிக்ஜாம் மழைக்குப் பிறகு, வியாசர்பாடிப் பக்கம் நாலைந்து பேர் பால், ரொட்டி, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போனோம். முழங்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர். என் பையில் 18 கிலோ, பெல்ட் நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தேன். ஒரு திருப்பத்தில் கால் எதற்குள்ளோ இறங்கியது. கால்வாயா பள்ளமா தெரியாது. உடம்பு ஒரு பக்கம் சாய, பை அந்தப் பக்கமே இழுத்தது. கழற்றி எறியலாம் என்றால் பெல்ட் பக்கிள் தண்ணீருக்குள் இருக்கிறது, கை நடுங்குகிறது, அமுக்க வரவில்லை. பின்னால் வந்த பையன் பையின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கப் பிடிக்கவில்லை.

அதனால், ஓடுகிற தண்ணீரிலோ தரை தெரியாத தண்ணீரிலோ இறங்குமுன் பெல்ட்டையும் மார்பு நாடாவையும் கழற்றிவிட வேண்டும், தோள் ஸ்ட்ராப்பையும் தளர்த்த வேண்டும். விழுந்தால் பை போகட்டும். இடுப்பு இடுப்பு என்று மூன்று வாரமாகச் சொன்னவன் இந்த இடத்தில் மட்டும் தோளில் சுமக்கச் சொல்கிறேன். தூண்டில்காரத் தம்பி, கழிமுகத்தில் இறங்கி நடப்பவன் நீ, இதை மறக்காதே.

3 டிசம்பர்

திருவொற்றியூர்த் தங்கை கேட்டதற்கு: பெண்களுக்கென்று செய்த பைகள் வெறும் நிற வேறுபாடு இல்லை. முதுகு நீளம் குறைவாக இருக்கும், ஸ்ட்ராப் நெருக்கமாகவும் வளைவாகவும் வரும், பெல்ட் இடுப்பின் சரிவுக்கு ஏற்ற மாதிரி சாய்ந்திருக்கும். அளவு பொருந்தினால் ஆண்களும் அதை வாங்கலாம். என் நண்பன் ஒருவன், ஒல்லியானவன், அப்படி ஒன்றைத்தான் வைத்திருக்கிறான், பாதி மலைப்பயணங்களில் எங்களைவிட முன்னால் போகிறான்.

8 டிசம்பர்

வலை வைத்த முதுகு பற்றி நவம்பர் 11ஆம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஞாயிறு காலை நண்பனிடம் அப்படிப்பட்ட பையைக் கடன் வாங்கி 20 கிலோ ஏற்றி எங்கள் மாடியில் ஏறி இறங்கிப் பார்த்தேன். சட்டை வியர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் வலைக்கு இடம் விட சட்டத்தை வளைத்திருக்கிறார்கள், எடை முதுகிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கிறது. அந்த நாலு விரலுக்கு உடம்பு முன்னால் குனிய வேண்டியிருக்கிறது. இரண்டாவது முறை ஏறும்போதே கழுத்து சொல்லிவிட்டது. குடத்தை இடுப்பை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் எப்படி இருக்கும், அதே கதைதான். 10 கிலோ வரை வலை நல்லது. அதற்கு மேல் போனால் வியர்த்தாலும் பரவாயில்லை, முதுகை ஒட்டிய பைதான். இன்னொரு சட்டை எடுத்துப் போனால் போயிற்று.

அந்த மாடிச் சோதனை பற்றியும் சொல்கிறேன், வாங்குகிற யாருக்கும் உதவும். இரண்டு லிட்டர் பாட்டில் பத்து, 20 கிலோ. ஒவ்வொன்றையும் பழைய வேட்டியில் சுற்றி, பாதியை முதுகை ஒட்டி நடு உயரத்தில் அடுக்கினேன். கீழே போர்வை, வெளிப்பக்கம் லேசான சாமான். மூன்று மாடி, ஐந்து முறை. மேலே போனதும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுக் காலிப் பாட்டிலோடு இறங்கினேன், முட்டிக்கு நல்லது. மூன்றாவது முறையில் பை உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிடும். ஐந்து நிமிடம் கடைக்குள் நடந்து பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். கடையில் எடை ஏற்றிப் பார்க்க விடவில்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வீட்டில் ஏற்றிப் பாருங்கள்.

எத்தனை லிட்டர் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். தம்பி 80 என்றான். பை பெரிதாக இருந்தால் அது நிறைந்துவிடும், யார் நிறைத்தார்கள் என்றே தெரியாது. எனக்கு 55 போதுமானதாக இருக்கிறது. மலை ஏறுகிறவர்களுக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நான் 66 கிலோ, அப்படியென்றால் 13. நாகலாபுரத்தில் நான் சுமந்தது மூன்றில் ஒரு பங்கு!

15 டிசம்பர்

ஈவ்னிங் பஜாரில் பை தைக்கிற அண்ணனிடம் போயிருந்தேன். என் பழைய பையில் ஜிப் ரன்னர் பச்சை பூத்து நகரவில்லை. கடல் காற்று. கடலோரம் போய் வந்தால் ஜிப்பை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடச் சொன்னார். ரன்னர் மட்டும் மாற்றினார், ஜிப்பு முழுசும் மாற்றத் தேவையில்லை என்று அவரே சொன்னார்.

அவரிடம் கற்றுக்கொண்ட இன்னொன்று: ஸ்ட்ராப் பையோடு சேரும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே தையல் நெருக்கமாக முன்னும் பின்னும் நாலைந்து ஓட்டம் ஓடியிருக்க வேண்டும். ஒரே ஓட்டம் என்றால் வாங்காதே என்றார். "துணி கிழியாது சார். தையல்தான் உடும்."

பையைப் பரணில் போட்டு வைக்கிறவர்களுக்கு: உள்பக்கம் தண்ணீர் புகாமல் இருக்க பாலியூரித்தேன் பூச்சு பூசியிருப்பார்கள். அது காற்றின் ஈரத்தில் மெல்லச் சிதையும். இரண்டு மழைக்காலம் பரணில் கிடந்த என் பையைத் திறந்தால் உள்ளே பிசுபிசுவென்று, வெல்லப்பாகு தடவின மாதிரி, மூக்கைப் பிடிக்கிற நாற்றம். நன்றாகக் காயவைத்து, காற்றாட மாட்டி வையுங்கள். மடித்துப் பிளாஸ்டிக் கவருக்குள் திணிக்காதீர்கள்.

22 டிசம்பர்

தம்பி இன்று அந்தப் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டான். பெல்ட் எவ்வளவு இழுத்தாலும் இறுகவில்லை என்று புகார். உண்மைதான். தம்பி 52 கிலோ, அத்தானோ ஆறடி ஆள். பெல்ட்டின் இரண்டு மெத்தைகளும் முன்னால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, அதற்கு மேல் இழுக்க நாடா இல்லை. பை மெல்ல மெல்ல நழுவித் தோளுக்கு எடையைக் கொடுக்கிறது. சட்டத்தின் நீளத்தை இறக்கியாயிற்று, அது சரியாகப் பொருந்துகிறது. பெல்ட் மட்டும் சின்னதாக வேண்டும், தனி பெல்ட் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், விலையைக் கேட்டதும் இவன் முகம் வாடிவிட்டது. விற்றுவிடலாமா என்று மறுபடி ஆரம்பித்தான்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். 71 வயது. எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து நீளவாக்கில் நான்காக மடித்தார். தம்பியின் இடுப்பைச் சுற்றிப் பின்பக்கமாகக் கொடுத்து, இரண்டு நுனியும் இடுப்பெலும்பின் மேட்டில் வருகிற மாதிரி பிடித்துக்கொண்டு, "இப்ப கட்டு" என்றார். பெல்ட் அதன் மேல் உட்கார்ந்தது. மெத்தைகளுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி கிடைத்தது. நாடா இறுகியது.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "மேல இருக்கிற பாட்டிலை இன்னும் கழுத்தாண்ட ஏத்து. தெருவுல நடக்கிறவனுக்கு மூட்ட மேல நிக்கணும். சேத்துல எறங்கும்போது கீழ எறக்கிக்கலாம்" என்றார். நான் நடு உயரம் என்று எழுதியிருந்தேன். அவர் சொன்ன மாதிரி மாற்றிப் பார்த்தோம். சமதரையில் அவர் சொன்னதுதான் சரி, தம்பி நிமிர்ந்து நடந்தான்.

20 கிலோவோடு மாடிக்கு நான்கு முறை போய் வந்தான். தோள் ஸ்ட்ராப்புக்கு அடியில் என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

23 டிசம்பர்

தம்பி, துண்டை அப்பா திருப்பிக் கேட்கவில்லை, நீயே வைத்துக்கொள். ஈவ்னிங் பஜார் அண்ணனிடம் கொடுத்தால் அதை பெல்ட்டின் உள்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுப்பார். ஓரத்தில் மட்டும் தைக்கச் சொல். நடுவில் தையல் ஓடினால் எலும்பில் உறைக்கும்.